கை ஆடினாலும் ரீடிங் ஆடாத பல்ஸ் ஆக்ஸிமீட்டர் டிசைன் பண்றது எப்படி

அசையாம படுத்திருக்கிற பேஷன்ட்டுக்கு ரத்தத்துல ஆக்சிஜன் 97 சதவீதம்னு காட்டுற சென்சார், அவர் எழுந்து நடந்த உடனே 85-னு அலாரம் அடிக்கும். நர்ஸ் ஓடி வந்து பாத்தா ஆளு நல்லாதான் இருப்பாரு. இப்படியே நாலு தடவ ஆச்சுன்னா அஞ்சாவது தடவ அலாரத்த யாரும் மதிக்க மாட்டாங்க, அந்த அஞ்சாவது தடவதான் நிஜமா ஆக்சிஜன் இறங்கியிருக்கும். அதனால அசைவுங்கறத கடைசில பாத்துக்கலாம்னு விடாதீங்க, முதல் ஸ்கெட்ச் போடும்போதே அதுக்காக யோசிங்க.

அது ஏன் சரியா 85 கிட்டயே போய் நிக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். 1974ல ஜப்பான்ல நிஹோன் கோடன் கம்பெனில டகுவோ அயோயாகி கண்டுபிடிச்ச ஐடியாதான் இன்னைக்கும் ஓடுது. 660 நானோமீட்டர் சிவப்பு, 940 பக்கம் இன்ஃப்ராரெட், ரெண்டு வெளிச்சத்தையும் தோலுக்குள்ள அனுப்பி, திரும்பி வர்ற சிக்னல் ஒவ்வொண்ணுலயும் நாடியோட சேந்து துடிக்கிற பாகத்த துடிக்காத பாகத்தால வகுத்து, அந்த ரெண்டுக்கும் விகிதம் எடுக்கறோம். ஆக்சிஜன் அளவு தோராயமா 110 மைனஸ் 25 பெருக்கல் அந்த விகிதம். கை ஆடும்போது சென்சார் தோல விட்டு எழும்பி உக்காரும், அப்ப ரெண்டு வெளிச்சமும் ஒரே மாதிரி ஏறி இறங்கும், விகிதம் 1 ஆயிடும், 110ல 25 போனா 85. இதுல பயப்பட வேண்டிய விஷயம், நிஜமாவே 75க்கு இறங்கிட்ட ஒருத்தருக்கும் இதே 85தான் வரும், அதாவது நிலைமை பரவாயில்லன்னு தப்பா சொல்லும். அசைவுல சிரைக்குள்ள, அதாவது இதயத்துக்கு திரும்பிப் போற குழாய்க்குள்ள, இருக்கிற ரத்தமும் அலம்பி துடிப்பு மாதிரியே தெரியும், அதுல ஆக்சிஜன் கம்மிங்கறதால அது ரீடிங்க கீழ இழுக்கும்.

இப்ப இடம். மணிக்கட்டு போட வசதி, ஆனா சிக்னலுக்கு மோசமான இடங்கள்ல ஒண்ணு. விரல்ல துடிப்பு மொத்த வெளிச்சத்துல ஒரு சதவீதத்துக்கு மேல சுலபமா கிடைக்கும், மணிக்கட்டுல அரை சதவீதம்கூட இல்லாம போறது சகஜம், அதோட ஒவ்வொரு தடவ விரல மடக்கும்போதும் தசைநாண் சென்சாருக்கு கீழயே ஓடும். நடமாடுற பேஷன்ட்டுக்குன்னா நான் மோதிர விரலோட அடிப்பாகம், இல்ல நெத்தி, இந்த ரெண்டையும்தான் முதல்ல பாப்பேன். நெத்தின்னா லேசா அழுத்தி புடிக்கிற பட்டை கண்டிப்பா வேணும், இல்லன்னா படுக்கும்போது சிரை ரத்தம் தேங்கி ரீடிங் குறையும்.

அதுக்கப்புறம் மெக்கானிக்கல், நான் ரொம்ப நேரம் செலவு பண்ணச் சொல்றது இங்கதான். வெளிச்சம் விடுற எல்இடியும் அத வாங்குற போட்டோடையோடும் இருக்கிற சென்சார் தலைய பேட்டரி இருக்கிற டப்பாவோட ஒட்டாதீங்க. பேட்டரி கனம், கை வீசும்போது அது தனியா ஆடும், கூடவே சென்சாரையும் இழுக்கும். தலைய மட்டும் சின்னதா, லேசா, ஃப்ளெக்ஸ் பிசிபில (வளையற சர்க்யூட் போர்டு) தனியா பண்ணி, நடுவுல ஒரு தளர்வான வளைவு விட்டு மெயின் போர்டோட சேருங்க. தோல தொடுற பக்கம் கொஞ்சம் குமிழ் மாதிரி வெளிய தள்ளியிருந்தா நல்லா பதியும். எல்இடிக்கும் போட்டோடையோடுக்கும் நடுவுல தோல் வரைக்கும் தொடுற கறுப்பு தடுப்புச்சுவர் வைங்க, அது இல்லன்னா வெளிச்சம் தோலுக்குள்ள போகாமலே குறுக்கு வழில வந்துடும், ஒவ்வொரு அசைவுலயும் அந்த அளவு மாறும். அழுத்தம் அதிகமானா ரத்தக்குழாய் நசுங்கி துடிப்பே காணாம போகும், அதனால இறுக்கி கட்டிட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க.

எலெக்ட்ரானிக்ஸ் சுருக்கமா சொல்றேன். பழகிக்க மேக்ஸ்30102ங்கற சென்சார் சிப் போதும், சிக்னல எண்ணா மாத்துற 18 பிட் ஏடிசி அதுல இருக்கு. எல்இடி அணைஞ்சிருக்கும்போதும் ஒரு சாம்பிள் எடுத்து வெளி வெளிச்சத்த கழிக்கணும், இத தானா பண்ற சிப்பும் இருக்கு. அசைவ அளக்கிற ஆக்ஸிலரோமீட்டர் கண்டிப்பா வேணும், அது மெயின் போர்டுல இல்ல, சென்சார் தலையிலயே இருக்கணும், ரெண்டு டேட்டாவும் ஒரே கிளாக்ல வரணும்.

அல்காரிதம்ல எல்லாரும் முதல்ல போடுறது பேண்ட்பாஸ் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட வேகத்துல துடிக்கறத மட்டும் விட்டு மத்தத வெட்டுறது, அது இங்க உதவாது. நடக்கிறவங்க காலடி நிமிஷத்துக்கு 100, 110 இருக்கும், அவங்க நாடியும் அதே 100 பக்கம்தான் இருக்கும், ரெண்டும் ஒரே இடத்துல உக்காந்திருக்கும்போது எத வெட்டுவீங்க? அதனால ஆக்ஸிலரோமீட்டர ரெஃபரன்ஸா வச்சு அசைவுக்கு ஏத்த மாதிரி தன்ன மாத்திக்கிற அடாப்டிவ் ஃபில்டர் போடுங்க, அதுல என்எல்எம்எஸ்ங்கற எளிய வகை போதும், ஆக்ஸிலரோமீட்டரோட மூணு அச்சும் குடுங்க. ஆனா காலடியும் நாடியும் சரியா ஒண்ணாயிட்டா ஃபில்டர் நாடியையும் சேத்து தின்னுடும், அந்த நேரத்த கண்டுபிடிச்சு பழைய மதிப்ப அப்படியே வச்சுக்கற லாஜிக் வேணும். இன்னொண்ணு, சாதாரண ஃபில்டர் எது போட்டாலும் சிவப்புக்கும் இன்ஃப்ராரெட்டுக்கும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், ஒரு பக்கம் கொஞ்சம் மாறினாலும் விகிதம் கோணிடும். ஜோ கியானி ஆரம்பிச்ச மாசிமோ கம்பெனி வேற ரூட் புடிச்சாங்க, சாத்தியமான எல்லா ஆக்சிஜன் அளவையும் ஒவ்வொண்ணா வச்சு பாத்து, சிரைக்கு ஒண்ணு, இதயத்துலேருந்து ரத்தம் கொண்டு வர்ற தமனிக்கு ஒண்ணுன்னு தனித்தனி உச்சம் வரும்போது ஆக்சிஜன் அதிகமா இருக்கறத தமனின்னு எடுத்துக்கறாங்க. அது பேடன்ட் எடுத்த வேலை, ஆனா அந்த யோசனைய புரிஞ்சுக்கறது நல்லது.

நம்பர காட்டறதுக்கு முன்னாடி அது நம்பற மாதிரி இருக்கான்னு பாக்கணும். அலைய தலைகீழா திருப்பி பாருங்க, நல்ல துடிப்பு சட்டுனு ஏறி, மெதுவா இறங்கி, இறக்கத்துல ஒரு சின்ன மடிப்பு காட்டும். ஒவ்வொரு துடிப்பையும் முந்தின நல்ல துடிப்புகளோட சராசரியோட ஒப்பிடுங்க, ஒத்துப்போகலன்னா தூக்கிடுங்க. நல்ல துடிப்பே இல்லன்னா ஸ்கிரீன்ல நம்பருக்கு பதிலா வெறும் கோடு (--) காட்டுங்க, 85 காட்டாதீங்க. பழைய ரீடிங்க வச்சிருந்தா அது எத்தன செகண்ட் பழசுன்னும் காட்டுங்க.

டெஸ்டுக்கு ஒரே ஆளோட ஒரு கைய டேபிள்ல அசையாம வச்சு அதுல ஆஸ்பத்திரி தர மீட்டர், இன்னொரு கைல உங்க சென்சார். அந்த கையால டேபிள தட்டணும், விரல தேய்க்கணும், மெட்ரோனோம நாடி வேகத்துக்கே செட் பண்ணி தட்டணும், அப்புறம் தாறுமாறாவும் ஆட்டணும், ஏன்னா சீரான அசைவுல பாஸ் ஆகுறது இதுல ஃபெயில் ஆகலாம். ஆக்சிஜன கொறச்சு பாக்குற டெஸ்ட் டாக்டர், எத்திக்ஸ் அனுமதி, தமனி ரத்த சாம்பிள் இருக்கிற லேப்லதான், வீட்டுல மூச்ச அடக்கி பாக்காதீங்க. 2013ல அமெரிக்க எஃப்டிஏ சொன்ன கணக்குப்படி 70லேருந்து 100 வரைக்கும் சராசரி பிழை (ஆர்எம்எஸ்), எல்இடியும் போட்டோடையோடும் ஒரே பக்கம் இருக்கிற பிரதிபலிப்பு சென்சாருக்கு 3.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்.

டெஸ்டுக்கு வர்றவங்க தோல் நிறத்த கண்டிப்பா கலந்து எடுங்க. 2020ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த மிச்சிகன் ஆய்வுல, மீட்டர் 92லேருந்து 96 காட்டினப்ப ரத்தத்துல நிஜமா 88க்கு கீழ இருந்தது கறுப்பின நோயாளிகள்ல 11.7 சதவீதம், வெள்ளையர்கள்ல 3.6 சதவீதம். மெலனின் சிவப்பு வெளிச்சத்த அதிகமா உறிஞ்சும், திரும்பி வர்ற சிக்னல் சிறுசாகும், அதுமேல கையும் ஆடினா வெறும் நாய்ஸ்தான் (தேவையில்லாத சிக்னல்) மிஞ்சும். நம்ம ஊர் தோலுக்கும் இது பொருந்தும், அதனால சிவப்பு எல்இடி கரண்ட ஆளுக்கு ஏத்த மாதிரி தானா ஏத்துற லூப்ப முதல் வெர்ஷன்லயே போட்டுடுங்க.