தச்சர் சங்க நிர்வாகத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி பக்கத்து இளம் தச்சர்கள் சங்க நிர்வாகத்துக்குக் கட்டாயம் முன்வர வேண்டும். முதலில் துணைவிதியையும் தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இல் பதிவான சங்கம் என்றால், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அதைச் சரிபாருங்கள்.

அப்புறம், கூட்டத் தேதி. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, பலகை மாற்றும் வேலை குவிந்து கிடக்கும். படகுத் தச்சர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது பொதுக்குழு வைத்தால் அவர்கள் இல்லாமலேயே தீர்மானம் நிறைவேறிவிடும். ஜூலையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மார்ச் வரைக்குமான வரவு செலவுக் கணக்கையும் அதற்குள் தணிக்கை செய்து முடித்துவிடலாம்.