‘டெண்டர் மெர்சீஸ்’ படத்தை எப்படிப் பார்ப்பது?

1983-இல் வெளிவந்த இந்த அமெரிக்கப் படத்திற்கு, கைப்பேசியை அணைத்துவிட்டு, இடைநிறுத்தம் இல்லாத ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். குடியால் வாழ்வை இழந்த பாடகர் மேக் ஸ்லெட்ஜ், டெக்சாஸில் சாலையோர விடுதி நடத்தும் ரோசா லீ என்னும் விதவையிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருடைய அன்பால் மெல்ல மீண்டு வருவதே கதை.

இயக்குநர் புரூஸ் பெரஸ்ஃபோர்டு பெரிய நிகழ்வுகளைக் காட்டாமலே கடந்துவிடுகிறார். ஆகவே திருமணக் காட்சியைத் தேடாதீர்கள். காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தபடியே மேக் தயக்கத்துடன் தன்னை மணக்க விருப்பமா என்று ரோசா லீயிடம் கேட்கும் இடத்தில் இருவரின் முகங்களையும் கவனியுங்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்க வரும் மகள், சிறுவயதில் கேட்ட புறாப் பாட்டு நினைவிருக்கிறதா என்று வினவும்போது, இல்லை என்று சொல்லும் மேக், அவள் சென்றபின் சன்னலோரம் நின்று, நமக்கு முதுகு காட்டியவாறு அதே பாட்டைப் பாடுகிறார். முகம் தெரியாததால் குரலை மட்டும் கேளுங்கள். மேக்காக நடித்த ராபர்ட் டுவால் தாமே பாடியது அது. அவருக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்த நடிப்பின் உச்சம் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். வசன வரிகளுடன் ஒருமுறை பார்த்தபின், இக்காட்சியை மட்டுமாவது அவையின்றி மீண்டும் பாருங்கள்.