மான் வேட்டைக்குக் கையால் நிரப்பிய தோட்டா: தேர்வை எங்கிருந்து தொடங்குவது

ரீலோடிங்கில், அதாவது சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் பவுடரும் குண்டும் சேர்த்துத் தோட்டாவை நாமே நிரப்புவதில், புதிதாக இறங்குகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது "எந்தப் பவுடர், எத்தனை கிரெயின்?" என்றுதான் (கிரெயின் என்பது பவுடருக்கும் குண்டுக்கும் உள்ள எடை அளவு). அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குண்டு மானைத் தொடும் நேரத்தில் அதற்கு எவ்வளவு வேகம் மிச்சம் இருக்கும், அந்த வேகத்தில் அது விரியுமா என்பதுதான் முதல் கேள்வி. மான் வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில், கையில் உரிமத்தோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் தூரம் எது?

நடுத்தர உடல்வாகு உள்ள மானுக்கு இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 20 செ.மீ. அகலம். அதே அளவில் ஒரு காகிதத் தட்டை மாட்டி வைத்து, பெஞ்சில் இல்லாமல், மண்டியிட்டும் குச்சியில் சாய்த்தும் சுட்டுப் பாருங்கள். எந்தத் தூரம் வரை ஒரு குண்டுகூட தட்டை விட்டு வெளியே போகவில்லையோ அதுதான் உங்கள் தூரம். 150 கஜம் என்று வந்தால் 150தான், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

படி 2: சட்டத்தைப் பாருங்கள்

இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் மானுக்குக் குறைந்தது .240 அங்குல விட்டமும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும் என்பது பொது விதி, குண்டும் விரியும் வகையாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

படி 3: குண்டைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். முழுக்க உலோக உறை போட்ட குண்டு மானுக்கு ஆகவே ஆகாது, விரியாமல் ஊசி குத்தியதுபோல் ஊடுருவிப் போய்விடும், மான் வெகுதூரம் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். போட்டிக்குச் சுடும் மேட்ச் குண்டுகளையும் விட்டுவிடுங்கள். காகிதத்தில் அழகாக ஒரே ஓட்டையில் விழும், ஆனால் பெரும்பாலானவை உடலுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல.

மிச்சம் இருப்பவை மூன்று வகை. முனையில் ஈயம் வெளியே தெரியும் சாதாரண சாஃப்ட் பாயிண்ட், ஈயம் உறையோடு ஒட்டப்பட்ட பாண்டட், முழுச் செம்பு. பெரும்பாலான சாஃப்ட் பாயிண்ட் விரிய விநாடிக்கு 1,800 அடி வேகமாவது வேண்டும், செம்புக்கு 2,000 என்று வைத்துக்கொண்டால் நல்லது (தயாரிப்பாளர் தரும் எண்தான் கடைசி வார்த்தை). ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 150 கிரெயின் சாஃப்ட் பாயிண்ட் 2,800 அடி வேகத்தில் கிளம்பினால் 200 கஜத்தில் ஏறத்தாழ 2,250, 300 கஜத்தில் 2,000 இருக்கும். அதாவது சாஃப்ட் பாயிண்டுக்கு 300 கஜத்திலும் தாராளம், அதே அளவில் வேகம் இழக்கும் செம்புக் குண்டுக்கோ அங்கே விளிம்பு. கிட்டத்தில் சுடப் போகிறீர்கள் என்றால் சிக்கல் நேர்மாறானது, மென்மையான குண்டு அதிவேகத்தில் எலும்பில் பட்டுச் சிதறி இறைச்சியைப் பாழாக்கும், அங்கே பாண்டட்தான் என் தேர்வு. எடை என்று பார்த்தால் .243க்கு 95 முதல் 100 கிரெயின், .308க்கு 150 முதல் 165 கிரெயின் எடுத்தால் பெரிதாகத் தப்பாகாது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதனால் ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். உங்கள் பேரலின் முறுக்கு (குண்டைச் சுழல வைக்கும் உள் சுருள் வரி) மெதுவானதாக இருந்தால் நீளக் குண்டு நிலைகொள்ளாமல் தள்ளாடும். எடையில் ஒரு படி இறங்கிவிடுங்கள்.

படி 4: பவுடர்

இப்போதுதான் பவுடர். அளவை வெளியான கையேட்டில் இருந்து மட்டும் எடுங்கள், நண்பர் சொன்னார் என்று ஒரு எண்ணை எடுக்காதீர்கள். கையேடு கொடுக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாக ஏற வேண்டும். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) தூக்கக் கடினமாகிறதா, பித்தளைக் கூட்டின் அடியில் பளபளப்பான வட்டத் தடம் விழுகிறதா, அது அழுத்தம் மிஞ்சியதன் அடையாளம், அங்கேயே நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். கடைசி 50 அடி வேகத்துக்காக உச்ச அளவைத் துரத்துவதில் அர்த்தமே இல்லை, அந்த வித்தியாசம் மானுக்குத் தெரியாது. குளிரிலும் வெயிலிலும் வேகம் அதிகம் மாறாத பவுடர் கிடைத்தால் அதை எடுங்கள்.

படி 5: சுட்டுப் பார்ப்பது

100 கஜத்தில் மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் மானுக்குப் போதும். அதைவிட முக்கியம், ஆறிய பேரலில் இருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பது, ஏனென்றால் காட்டில் பெரும்பாலும் அது ஒன்றுதான். வெவ்வேறு நாட்களில் முதல் குண்டை மட்டும் ஒரே அட்டையில் சுட்டுச் சேர்த்து வையுங்கள்.

படி 6: ஒவ்வொரு தோட்டாவையும் சேம்பரில் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) போட்டுப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நான் ஒரு விடியற்காலையை இழந்தேன். மான் எண்பது கஜத்தில் பக்கவாட்டாக நிற்கிறது, போல்ட் பாதி வரை போய் நின்றுவிட்டது, அழுத்தினேன், அந்தச் சத்தத்துக்கே மான் தலையைத் தூக்கிப் போய்விட்டது. வீட்டில் அளந்தால் கூட்டின் தோள்பட்டை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) ஒரு மயிரிழை முன்னால் தள்ளியிருந்தது, கழுத்தை மட்டும் சைஸ் செய்து (அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து) அனுப்பியதன் பலன். வேட்டைக்கு எப்போதும் முழுக் கூட்டையும் சைஸ் செய்யுங்கள். பிறகு ரேஞ்சில், குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, விரல் டிரிகரைத் தொடாமல், எடுத்துச் செல்லும் ஒவ்வொரு தோட்டாவையும் மேகசினில் இருந்தே ஏற்றி இறக்குங்கள்.

சரி, இதெல்லாம் தேறியவற்றைப் பெட்டியில் போட்டுக் குண்டு, பவுடர், அளவு, பவுடர் டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், தேதி எல்லாவற்றையும் மூடியில் எழுதி ஒட்டுங்கள். புது டப்பா திறந்து லாட் மாறினால் படி 4க்குத் திரும்பி, மறுபடி கீழிருந்து ஏறி வாருங்கள்.