சிவப்பு திராட்சைத் தோலில் எந்த நிறமி? கண்டுபிடிக்கும் முறை

பழத்தை அப்படியே மிக்ஸியில் போட்டு அரைக்காதீர்கள். ரெட் குளோப், கிரிம்சன், ஃபிளேம் போன்ற ரகங்களில் நிறம் தோலில் மட்டும்தான் இருக்கிறது. ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்து எடுத்தால் தோல் சுலபமாகக் கழன்று வரும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையைக் கரண்டி முனையால் சுரண்டிவிடுங்கள். சர்க்கரை சேர்ந்தால் கரைசல் பிசுபிசுக்கும்.

ஆய்வகத்தில் 0.1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் தோலை ஊறவைத்து, வெளிச்சம் படாமல் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் வடிகட்டுவோம். மெத்தனால் விஷம், தீப்பிடிக்கும். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்; எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரே போதும், நிறம் கொஞ்சம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான்.

முதலில், அது ஆந்தோசயனின் (பழங்களுக்குச் சிவப்பு, ஊதா, நீலம் தரும் நிறமி வகை) தானா என்று பாருங்கள். சாற்றில் சோடா உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சிவப்பு வெளிறி, ஊதாவாகி, நீலப்பச்சைக்குப் போகும். உடனே அமிலம் விட்டால் சிவப்பு திரும்பும். நேரம் கடத்தினால் மஞ்சளாகி, அப்புறம் முழுதாகத் திரும்பாது. பீட்ரூட் நிறமி இப்படி நீலமாகாது.

பல கையேடுகள் இதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதாது. ஆந்தோசயனின் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் யார் என்று பிரித்துச் சொல்ல, மெத்தனால் சாற்றில் அலுமினியம் குளோரைடு கரைசலைச் சில சொட்டு விடுவேன். இந்தக் குடும்பத்தில் ஒன்றான சயனிடினில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இருப்பதால் அலுமினியம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு ஊதா பக்கம் சாயும். இன்னொன்றான பியோனிடினில் அந்த இரண்டில் ஒன்று மெத்தாக்சியாக (OCH₃) மாறியிருப்பதால் நிறம் அசையாது. அமிலம் அதிகமாக இருந்தால் இந்தச் சோதனையே பலிக்காது, கவனம். ஃபிளேமில் சயனிடின் கணிசமாக இருப்பதால் மாற்றம் தெரியும். கிரிம்சனிலும் ரெட் குளோபிலும் பியோனிடின்-3-குளுக்கோசைடுதான் (ஒரு குளுக்கோஸ் சர்க்கரை ஒட்டிய பியோனிடின்) மேலோங்கி இருக்கும். மாற்றம் மங்கலாகத்தான் இருக்கும்.

உறுதியாகச் சொல்ல எச்பிஎல்சி (கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஆய்வகக் கருவி) வேண்டும். அதில் சி18 என்ற வகைப் பிரிப்புக் குழாயைப் போட்டு, 520 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் டெல்பினிடின், சயனிடின், பெட்டூனிடின், பியோனிடின், மால்விடின் என்ற வரிசையில் குளுக்கோசைடுகள் வெளிவரும். மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியும் இருந்தால் சயனிடின்-3-குளுக்கோசைடு 449 என்ற நிறை எண்ணில் (m/z) தெரிந்து, சர்க்கரை கழன்று 287 ஆகும். பியோனிடினுடையது 463இலிருந்து 301. மால்விடின் (493, 331) ஓங்கி நின்றால் அது பெரும்பாலும் கறுப்பு ரகம். டைகுளுக்கோசைடுகள் (இரண்டு குளுக்கோஸ் ஒட்டியவை) நிறைய வந்தால் உங்கள் கையில் இருப்பது சுத்தமான வினிஃபெரா (ஐரோப்பிய திராட்சை இனம்) இல்லை, லாப்ரஸ்கா போன்ற அமெரிக்க இனம் கலந்த ரகமா என்று விசாரியுங்கள்.