சி டிரைவ் சிவந்துவிட்டதா? பழைய கணினியில் குப்பை அள்ளும் முறை

விண்டோஸில் 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவுக்குக் கீழே ஒரு பட்டை தெரியும். காலி இடம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் நீலப் பட்டை சிவந்துவிடும். அதன் பிறகு அப்டேட் பாதியில் நிற்கும், பிரவுசர் திணறும், சேமிக்கப் போனால் இடமில்லை என்று வரும். இந்த நிலையில் குப்பையை அள்ளினால் பலன் நிச்சயம். பாதி டிஸ்க் காலியாக இருந்தும் கணினி ஊர்கிறது என்றால் குப்பையைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் ரேம் போதாமல் இருக்கும், அல்லது டிஸ்க் தேய்ந்திருக்கும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் எதையும் அழிக்கும் வேலையில் இறங்காதீர்கள். படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

அழிக்கத் தொடங்கும் முன் இடம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் விசையோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ். எந்த வகை எவ்வளவு பிடித்திருக்கிறது என்ற கணக்கு வரும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் விஸ்ட்ரீ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் கோப்புப் பட்டியலை நேரடியாகப் படிப்பதால் பழைய கணினியிலும் சீக்கிரம் முடிக்கும். (500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் காட்டும். ஒரு கேபி என்றால் தயாரிப்பாளர் 1000 பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024 பைட் என்று எண்ணுகிறது. அந்த 35 ஜிபியைத் தேடி அலைய வேண்டாம்.)

இனி ஸ்டோரேஜ் பக்கத்தில் உள்ள 'டெம்பரரி ஃபைல்ஸ்'. இங்கே ஒவ்வொரு டிக்கையும் படித்துவிட்டு வையுங்கள். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அது குப்பை அல்ல, நீங்கள் இறக்கி வைத்த கோப்புகள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. அதற்கு டிக் வேண்டாம். அந்த ஃபோல்டரைத் திறந்து, அளவு வாரியாக அடுக்கி, கையால் பொறுக்குங்கள். ரீசைக்கிள் பின்னையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தவறிப்போய் அழித்ததை மீட்க ஒரு வழி இருக்கட்டும்.

'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' பல ஜிபி திருப்பித் தரக்கூடியது. ஆனால் மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் இது ஒரு மணி நேரம்கூட இழுக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்துப் பவரை அணைத்தால் சிஸ்டம் கோப்புகள் கெட்டுப்போகலாம். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற வரியும் தெரியும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அதுதான். வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும். புதிய பதிப்பில் பிரின்டரும் வைஃபையும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு நீங்களே நீக்கலாம்.

அடுத்து, மென்பொருள்கள் தற்காலிகக் கோப்புகளைப் போட்டு வைக்கும் டெம்ப் ஃபோல்டர். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே அடித்து என்டர் கொடுங்கள். திறந்திருக்கும் மென்பொருள்களை மூடிவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் தேர்ந்தெடுத்து அழியுங்கள். சில கோப்புகள் பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வரும். 'ஸ்கிப்' கொடுத்தால் போதும். ஏதாவது மென்பொருளை நிறுவியபின் ரீஸ்டார்ட் பாக்கி இருந்தால், அதை முடித்துவிட்டே இந்த வேலைக்கு வாருங்கள்.

பிரவுசரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கேஷ் ஆன, அதாவது தளங்கள் சீக்கிரம் திறக்க பிரவுசர் சேமித்து வைத்த படங்கள், கோப்புகளுக்கு மட்டும் டிக். குக்கீஸை அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டுக்கு டிக் வைத்தால் பாடு இன்னும் அதிகம்.

இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால், சின்னக் குப்பையைத் துருவிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. பெரிய மூட்டைகளைத் தேடுங்கள். ஐடியூன்ஸ் எடுத்து வைத்த பழைய போன் பேக்கப் ஒன்றே பல ஜிபி பிடிக்கும். அதை ஐடியூன்ஸின் டிவைசஸ் பகுதிக்குள் போய் நீக்குவதுதான் முறை. வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கேஷும் அப்படித்தான் வீங்கும். கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோருக்கு ஒதுக்கிய இடத்தை, சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனில் 'கான்ஃபிகர்' அழுத்தி 5 சதவீதம் அளவுக்குக் குறைக்கலாம். முற்றாக அணைத்துவிடாதீர்கள். பெரிய வீடியோக்களைப் பென் டிரைவுக்கு நகர்த்தும்போது ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று மறுத்தால், டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. டிரைவில் உள்ளதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் கை வைக்க வேண்டாம். அதிலுள்ள வின்எஸ்எக்ஸ்எஸ் பயமுறுத்தும் அளவு காட்டும். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் கணக்கில் வருவதால் வரும் வீக்கம் அது. இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் காலி செய்தால் சில மென்பொருள்களைப் பிறகு அப்டேட் செய்யவோ நீக்கவோ முடியாது. ப்ரீஃபெட்ச் என்பது மென்பொருள்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அழித்தால் அடுத்த முறை தாமதம்தான் மிஞ்சும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர்கள் இடமும் மிச்சப்படுத்துவதில்லை, வேகமும் கூட்டுவதில்லை. திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேஷனை நிறுத்தினால் சில ஜிபி கிடைப்பது உண்மை. ஆனால் கணினியைச் சீக்கிரம் கிளப்பும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் கூடவே போய்விடும். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினிக்கு அது நஷ்ட வியாபாரம்.

இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் வேலை பாருங்கள். எதுவும் காணாமல் போகவில்லை என்றால் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு சி டிரைவின் ப்ராப்பர்ட்டிஸில் டூல்ஸ், ஆப்டிமைஸ். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் சிதறிய கோப்புகள் ஒன்றுசேரும். 15 சதவீதமாவது காலியாக இருந்தால்தான் அது முழுமையாக முடியும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால் அதே பொத்தான், எந்த இடம் காலி என்று சொல்லும் ட்ரிம் கட்டளையை மட்டும் அனுப்பும், சில நொடிகளில் முடிந்துவிடும். எஸ்எஸ்டிக்குத் தனியாக, கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் மென்பொருள் எதுவும் போடாதீர்கள்.