ராஜ்மா, பட்டாணி, தொன்னை: வேதிச் சமன்பாட்டை வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒரு வழி

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி, ஏழாவது படிக்கும் என் பையன் நோட்டை நீட்டினான். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீர் ஆகிற சமன்பாட்டைச் சமன் செய்ய வேண்டும். அவன் எழுதியிருந்தது இது:

ஹெச்₂ + ஓ₂ → ஹெச்₂ஓ₂

"இந்தப் பக்கம் ரெண்டு ரெண்டு, அந்தப் பக்கமும் ரெண்டு ரெண்டு. சரிதானேம்மா?"

எண்ணிக்கை என்னவோ சரிதான். விடை தப்பு. ஏன் தப்பு என்று பன்னிரண்டு வயசுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. "சின்ன நம்பரை மாத்தக் கூடாது, அது ரூல்" என்றேன். "யார் போட்ட ரூல்?" என்று கேட்டான். குக்கர் விசில் அடித்தது, தப்பித்தேன்.

அதற்கப்புறம் மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங் பிள்ளைகள் நாலு பேரைச் சனிக்கிழமை சாயங்காலம் உட்காரவைத்து, மூன்று வாரம் தடுமாறி, ஒரு வழியைப் பிடித்தேன். நாலு பேருக்கும் சேர்த்து மூன்று கல்வி போர்டு, பாடத்திட்டம் வேறு வேறு. ஒருத்தருக்கு இந்தப் பாடம் இப்போதே வந்துவிட்டது, இன்னொருத்தருக்கு வர இன்னும் வருஷம் இருக்கிறது. அதனால் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

ஒரு விஷயம். இந்தப் பதிவில் குறியீடுகளை வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் நோட்டில் ஆங்கில எழுத்துதான் இருக்க வேண்டும். அணு, தனிமம் என்றால் என்ன என்பது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சாமான்

கறுப்புக் கொண்டைக்கடலை கார்பன். ராஜ்மா ஆக்ஸிஜன். வெள்ளைப் பட்டாணி ஹைட்ரஜன். காய்ந்த பச்சைப் பட்டாணி குளோரின். கையில் கிடைத்ததை எடுத்ததாக நினைக்க வேண்டாம். மூலக்கூறு (அணுக்கள் சேர்ந்த தொகுதி) மாடல்களில் வழக்கமாகக் கார்பனுக்குக் கறுப்பு, ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, குளோரினுக்குப் பச்சை. பின்னால் அதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குப் பழகிய நிறமாக இருக்கும். நைட்ரஜனுக்கு நீலம். நீலத்தில் பருப்பு கிடையாது, பழைய ஸ்கூல் சட்டைப் பொத்தான் போதும்.

அப்புறம் தொன்னை. மாட்டுங்காவில் பூக்கடைகள் பக்கம் பூஜை சாமான் விற்கும் இடத்தில் கட்டாகக் கிடைக்கும். கோயில் பிரசாதம் தருகிற சின்ன அளவு நல்லது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், காரணம் படி 4-இல் வருகிறது.

பிளாஸ்டிக் மாடல் செட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை ஒரு பக்கம். ஒரு சமன்பாட்டுக்கு வேண்டிய அளவு ஆக்ஸிஜன் உருண்டை ஒரு பெட்டியில் இருப்பதில்லை, இருந்ததும் சோபாவுக்கு அடியில் போய்விடுகிறது. ராஜ்மா கால் கிலோ வாங்கினால் தீரவே தீராது.

படி 2: கை எண்ணுவது

ஒரு அணு மற்ற அணுக்களோடு எத்தனை பிணைப்பு வைத்துக்கொள்ளும் என்பதுதான் இணைதிறன். அதைக் கை என்று சொல்லிவிடுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்ஸிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நாலு. எந்தக் கையும் சும்மா தொங்கக் கூடாது. ஆக்ஸிஜனின் இரண்டு கையைப் பிடிக்க இரண்டு ஹைட்ரஜன் வேண்டும், ஆகவே ஹெச்₂ஓ. கார்பனின் நாலு கைக்கு நாலு ஹைட்ரஜன், அது சிஹெச்₄, மீத்தேன். பிள்ளைகளையே எழுந்து நின்று கை கோக்கச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இதற்கு மேல் இங்கே நிற்க வேண்டாம்.

எண்களைக் குறுக்கே மாற்றிப் போடும் வித்தையை முதல் நாளே சொல்லித்தராதீர்கள் என்பது என் கட்சி. மெக்னீசியத்துக்கு இரண்டு, ஆக்ஸிஜனுக்கு இரண்டு என்று குறுக்கே போட்டால் எம்ஜி₂ஓ₂ வரும், அதைச் சுருக்கி எம்ஜிஓ என்று எழுத வேண்டும். சரி, சுருக்கலாம் என்று ஒரு தடவை சொன்னால் போச்சு, அடுத்த நிமிஷம் ஹைட்ரஜன் பெராக்சைடையும் (ஹெச்₂ஓ₂) சுருக்கி ஹெச்ஓ ஆக்கிவிடுவார்கள். அதைச் சுருக்கக் கூடாது. அங்கே இரண்டு ஆக்ஸிஜனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே மூலக்கூறாக இருக்கின்றன.

எண்ணைக் கீழே போடாமல் தலைக்கு மேல் போடுகிற பிள்ளை இருந்தால் திட்ட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எழுத்துக் குறியீடுகளை அமைத்த சுவீடன்காரர் பெர்சீலியஸும் மேலேதான் போட்டார். கீழே இறங்கியது பிற்பாடு.

படி 3: இட்லி வடை

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் மாட்டுங்காவில், ஒரு ஹோட்டல் டேபிளில் கிடைத்தது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காலை டிபனுக்குப் போயிருந்தோம். மூன்று பிளேட் இட்லி வடை சொன்னேன். ஒரு பிளேட்டில் இரண்டு இட்லி, ஒரு வடை. கையில் பேனா இருந்தது, பேப்பர் நாப்கினில் எழுதிக் காட்டினேன்:

3 இட்லி₂வடை

"மொத்தம் எத்தனை இட்லி?" ஆறு. "எத்தனை வடை?" மூன்று. அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வடைக்குப் பக்கத்தில் எண் இல்லையே என்றேன். "ஒண்ணுன்னா எதுக்கு எழுதணும்?" என்றான். பாடப் புத்தகம் ஒரு பத்தியில் சொல்வதை அவனே சொல்லிவிட்டான்.

இப்போது கொக்கி. எனக்கு இன்னும் ஒரு வடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சர்வரிடம் என்ன சொல்லலாம்? இன்னொரு பிளேட் கொண்டு வாங்க என்று சொல்லலாம், முன்னால் இருக்கிற 3 அப்போது 4 ஆகும். பிளேட்டுக்குள் கையை விட்டு இட்லி₂வடை₂ ஆக்கினால்? அது மெனுவில் வேறு அயிட்டம், வேறு விலை, நாம் ஆர்டர் பண்ணியது அது இல்லை.

முன்னால் இருக்கும் பெரிய எண் எத்தனை பிளேட் என்று சொல்கிறது. உள்ளே இருக்கும் சின்ன எண் எந்தப் பிளேட் என்று சொல்கிறது. "யார் போட்ட ரூல்" என்ற கேள்விக்கு இவ்வளவுதான் பதில். யாரும் போடவில்லை, சின்ன எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும். வீட்டுக்கு வந்து முதலுதவிப் பெட்டியிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "நீ எழுதினது இது. காயத்துல ஊத்தினா நுரைக்குமே, அது. தாகத்துக்குக் குடிப்பியா?"

படி 4: தொன்னையில் நீர்

நான் சறுக்கிய இடம் இது. முதல் சனிக்கிழமை தொன்னை இல்லாமல், தட்டில் பருப்பைக் கொட்டிச் சொல்லிக்கொடுத்தேன். இடப்பக்கம் நாலு பட்டாணி இரண்டு ராஜ்மா, வலப்பக்கமும் நாலு பட்டாணி இரண்டு ராஜ்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் நாலு பேரில் மூன்று பேர் மறுபடியும் ஹெச்₂ஓ₂ எழுதினார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. உதிரியாகக் கொட்டினால் மொத்தம் மட்டும்தான் கண்ணில் படுகிறது, எது எதோடு சேர்ந்து ஒரு மூலக்கூறு என்பது மறைந்துபோகிறது. ஒரு தொன்னை ஒரு மூலக்கூறு என்று வைத்த பிறகுதான் விஷயம் இறங்கியது.

செய்கிற விதம்: தரையில் சாக்பீஸால் ஒரு அம்பு. அம்புக்கு இடப்பக்கம் கடை, வலப்பக்கம் சமையல். கடையில் ஹைட்ரஜன் தொன்னைகளில் இரண்டிரண்டு பட்டாணி, ஆக்ஸிஜன் தொன்னைகளில் இரண்டிரண்டு ராஜ்மா. கடையின் ஒரே நிபந்தனை, உதிரி கிடையாது. முழுத் தொன்னையாகத்தான் எடுக்க முடியும்.

ஒரு ஹைட்ரஜன் தொன்னை, ஒரு ஆக்ஸிஜன் தொன்னை எடுக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் புதுத் தொன்னையில் இரண்டு பட்டாணியும் ஒரு ராஜ்மாவும் போட்டால் நீர் தயார். கையில் ஒரு ராஜ்மா மிச்சம்.

இங்கே வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மிச்ச ராஜ்மாவைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒருத்தி அதை நீர்த் தொன்னைக்குள்ளேயே போடப் போனாள், பக்கத்திலிருந்தவன் "அது பெராக்சைடு!" என்று கத்தினான். இன்னொருத்தன் ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று கேட்டான். முடியாது. வேதிவினையில் அணு காணாமல் போகாது, புதிதாக முளைக்கவும் செய்யாது. வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றே என்று 1789-இல் எழுதிவைத்த பிரெஞ்சுக்காரர் லவாய்சியர். அவர் தலையை 1794-இல் கில்லட்டினில் வெட்டினார்கள் என்பதைச் சொன்னால் விதியும் சேர்ந்து மனசில் நிற்கிறது.

கடைசியில் யாராவது ஒருவர் கடைக்குத் திரும்பிப் போய் இன்னொரு ஹைட்ரஜன் தொன்னை எடுத்து வருவார். மிச்ச ராஜ்மாவோடு அது சேர்ந்து இரண்டாவது நீர் ஆகும். இப்போது தொன்னைகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். எடுத்தது ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று. கிடைத்தது நீர் இரண்டு.

2ஹெச்₂ + ஓ₂ → 2ஹெச்₂ஓ

பருப்பை எண்ணியது சரிபார்க்க. எழுதுவது தொன்னைக் கணக்கு.

படி 5: அடுப்பைப் பார்த்து ஒரு கணக்கு

எங்கள் பில்டிங்கில் பைப் கேஸ். அதில் பெரும்பகுதி மீத்தேன். அது எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும்.

சிஹெச்₄ + ஓ₂ → சிஓ₂ + ஹெச்₂ஓ

முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் கடைசி. இந்த வரிசையை மனப்பாடம் பண்ண வைக்காமல் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். இடப்பக்கம் ஆக்ஸிஜன் தனித் தொன்னையில் இருக்கிறது. அதன் எண்ணிக்கையை ஏற்றினாலும் இறக்கினாலும் வேறு எதுவும் கலையாது, அதனால் அதைக் கடைசிக்கு விட்டுவைக்கிறோம். கார்பன் ஒன்றுக்கு ஒன்று. ஹைட்ரஜன் நாலு, ஆகவே நீர் 2. வலப்பக்கம் ஆக்ஸிஜன் மொத்தம் நாலு, ஆகவே ஓ₂ இரண்டு.

சிஹெச்₄ + 2ஓ₂ → சிஓ₂ + 2ஹெச்₂ஓ

பக்கத்து பில்டிங் பெண் வீட்டில் சிலிண்டர். அதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் சி₃ஹெச்₈. அதே வரிசையில் போனால் ஆக்ஸிஜன் 5, கார்பன் டை ஆக்சைடு 3, நீர் 4. பியூட்டேன் சி₄ஹெச்₁₀ கொஞ்சம் படுத்தும். ஆக்ஸிஜன் ஆறரைத் தொன்னை வரும். அரைத் தொன்னை கடையில் கிடையாதே? எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் 2, 13, 8, 10. பதின்மூன்று தொன்னையை ஹாலில் பரப்பியதில் என் வீட்டுக்காரர் உள்ளே வர வழியில்லாமல் வாசலிலேயே நின்றார்.

துருவுக்கு இரும்பு (எஃப்இ) + ஓ₂ → எஃப்இ₂ஓ₃. மழை முடிந்ததும் ஜன்னல் கிரில்லைத் தடவி விரலைப் பார்க்கச் சொன்னால் உதாரணம் ரெடி. நிஜத் துருவில் தண்ணீரும் சேர்ந்திருக்கும், இது எளிமைப்படுத்திய வடிவம். ஆக்ஸிஜன் இரண்டு இரண்டாக வருகிறது, மூன்று மூன்றாகப் போகிறது, இரண்டுக்கும் பொது மடங்கு 6. ஆக 4எஃப்இ + 3ஓ₂ → 2எஃப்இ₂ஓ₃. இரும்புக்கு மட்டும் தொன்னை வேண்டாம், ஸ்க்ரூவை உதிரியாக வைத்தோம்.

சோடா உப்பும் வினிகரும் கலந்து எரிமலை செய்வதைச் சமன்பாட்டுக்கு உதாரணமாக எடுக்காதீர்கள். பொங்குவது அழகுதான். ஆனால் வாய்பாடுகள் நீளம், எல்லாம் ஒன்றுக்கு ஒன்றாக முன்பே சமமாக இருக்கிறது, சமன் செய்ய ஒன்றுமே இல்லை.

போனில் காட்ட வேண்டுமென்றால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) சிமுலேஷன் இலவசம், நன்றாக இருக்கிறது. தொன்னைக்கு அப்புறம் காட்டுங்கள். முன்னாலேயே காட்டினால் சிரிக்கும் முகம் வருகிற வரைக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள். சிஏ(ஓஹெச்)₂ என்று அடைப்பு வந்தால் பிள்ளைகள் வெளியே இருக்கும் 2-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அடைப்பை ஒரு குட்டிப் பையாக நினைக்கச் சொல்லுங்கள். ஒரு ராஜ்மா, ஒரு பட்டாணி போட்டு ரப்பர் பேண்ட் கட்டிய இரண்டு பாலித்தீன் பைகளைத் தொன்னைக்குள் வைத்தால் சண்டை தீர்ந்தது. இது வெற்றிலைக் கடைச் சுண்ணாம்புதான். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ராவால் ஊதினால் பால் போல் வெளுக்கும்:

சிஏ(ஓஹெச்)₂ + சிஓ₂ → சிஏசிஓ₃ + ஹெச்₂ஓ

ஆக்ஸிஜன் இரண்டு பக்கமும் நாலு, எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஊதுகிற பிள்ளை உறிஞ்சிவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொருவர் தன் பெண் கார்பன் மோனாக்சைடை (CO) கோபால்ட் (Co) என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். இரண்டு எழுத்தும் பெரிதாக இருந்தால் இரண்டு தனிமம், இரண்டாவது சின்னதாக இருந்தால் ஒரே தனிமம். அவசரமாக எழுதுகிற கைக்கு நாலு கோடு நோட்டு வாங்கிக்கொடுங்கள்.

பையனுக்குப் பெராக்சைடு மேல் இருந்த கோபம் போகவில்லை. போன வாரம் வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டில் நான் இரண்டு சொட்டு விட, அவன் கிட்டப் போய்ப் பார்த்தான். நுரைத்தது. கிழங்கிலும் ரத்தத்திலும் இருக்கிற கேட்டலேஸ் என்ற நொதி அதை வேகமாகப் பிரிக்கிறது என்றேன். ஆக்ஸிஜன் தனியாக வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தரையில் அம்பு, இடப்பக்கம் இரண்டு தொன்னை, வலப்பக்கம் மூன்று. நோட்டில்:

2ஹெச்₂ஓ₂ → 2ஹெச்₂ஓ + ஓ₂