பைட்டோஸ்டெரால்: இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவதும் படிப்பதும்

பைட்டோஸ்டெரால் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ராலை ஒத்த சேர்மங்களின் குடும்பப் பெயர். கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் காணும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'பைட்டோ' கிரேக்கத்திலிருந்து வந்தது. தாவரம் என்று பொருள். 'ஸ்டெரால்' என்பது கொலஸ்ட்ரால் என்ற சொல்லின் பின்பாதி. கொலஸ்ட்ரால் முதலில் பித்தப்பைக் கல்லில் கண்டறியப்பட்டது. அதனால் பித்தத்தைக் குறிக்கும் 'கோலே', கெட்டியானதைக் குறிக்கும் 'ஸ்டெரியோஸ்' ஆகிய இரண்டும் அதன் பெயரில் சேர்ந்தன. கடைசியில் உள்ள 'ஆல்', ஆல்கஹால் வகை என்பதற்கான அடையாளம்: ஸ்டெரால் மூலக்கூறின் மூன்றாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கும்.

குடும்பத்தில் அடிக்கடி எதிர்ப்படுபவை மூன்று: பீட்டா-சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால். கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள். அதன் பக்கச் சங்கிலியில், 24ஆம் இடத்தில் ஒரு மெத்தில் தொகுதி ஏறினால் 28 கார்பன் கொண்ட கேம்பெஸ்டெரால். மெத்திலுக்குப் பதில் எத்தில் ஏறினால் 29 கார்பன் கொண்ட சிட்டோஸ்டெரால். அந்தச் சங்கிலியில் கூடுதலாக ஓர் இரட்டைப் பிணைப்பும் வந்தால் ஸ்டிக்மாஸ்டெரால். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் நம் குடல் இதைக் கண்டுபிடித்துவிடுகிறது: உணவுக் கொலஸ்ட்ராலில் சுமார் பாதியை உறிஞ்சும் குடல், தாவர ஸ்டெராலில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே உள்ளே விடுகிறது.

தமிழில் எழுதும்போது 'பைட்டோஸ்டெரால்', 'தாவர ஸ்டெரால்' இரண்டும் சரி. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் மட்டும் மற்றதையும் சேர்த்துச் சொல்லலாம். 'தாவரக் கொழுப்பு' என்று எழுதவே கூடாது, அது எண்ணெயைக் குறிக்கும். 'தாவரக் கொலஸ்ட்ரால்' அதைவிட மோசம், வாசகரைத் தேவையில்லாமல் பயமுறுத்தும். 'ஸ்டீராய்டு' விஷயம் சற்று நுட்பமானது. வேதியியல்படி ஸ்டெரால்கள் எல்லாம் ஸ்டீராய்டுகளே. ஆனால் பொதுவாசகர் அந்தச் சொல்லை மருந்தாகத்தான் படிப்பார். எனவே பாடநூலுக்கு வெளியே தவிர்ப்பது நல்லது. பைட்டோஈஸ்ட்ரோஜென் (ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனைப் போலச் செயல்படும் தாவரப் பொருள்) முற்றிலும் வேறு. முன்னொட்டு ஒன்றுதான் பொது. பூஞ்சையில் இருக்கும் எர்கோஸ்டெராலையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள், பூஞ்சை தாவரமல்ல.

வகைகளைப் பேசும்போது 'பைட்டோஸ்டெரால்கள்' என்று பன்மை வரட்டும். அளவு சொல்லும்போது ஒருமையே இயல்பு: 'இதில் பைட்டோஸ்டெரால் 300 மில்லிகிராம் உள்ளது.' ஆய்வு சிட்டோஸ்டெராலை மட்டும் அளந்திருந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள். குடும்பப் பெயரைப் போட்டால் முடிவு தவறாக விரிந்துவிடும்.

அதிகம் சறுக்குவது, கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தாவர ஸ்டெரால் சேர்த்த உணவுகளின் லேபிளைப் படிக்கும் இடத்தில். அங்கே மூன்று சொற்கள் கலந்து வரும்: ஸ்டெரால், ஸ்டேனால், எஸ்டர். ஸ்டேனால் என்பது மூலக்கூறின் வளையத்தில் உள்ள இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜன் ஏறி நிறைவுற்றுப்போன ஸ்டெரால். எஸ்டர் என்பது ஸ்டெராலோடு ஒரு கொழுப்பு அமிலத்தை இணைத்த வடிவம். தனி ஸ்டெரால் எண்ணெயில் எளிதில் கரையாது, படிகமாகிப் பிரிந்து நிற்கும், எஸ்டராக்கினால் கரையும். தயாரிப்பாளர்கள் அதை நாடுவது இதற்காகத்தான். ஆனால் எஸ்டரின் எடையில் கொழுப்பு அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. ஏறத்தாழ 1.65 கிராம் எஸ்டரில்தான் 1 கிராம் ஸ்டெரால் கிடைக்கும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். லேபிளில் '100 கிராமுக்குத் தாவர ஸ்டெரால் எஸ்டர் 8 கிராம்' என்று இருக்கிறது. ஒரு வேளைப் பங்கு 20 கிராம். அதில் எஸ்டர் 1.6 கிராம். 1.65ஆல் வகுத்தால் ஸ்டெரால் 0.97 கிராம், அதாவது சுமார் 1 கிராம். எல்.டி.எல். கொலஸ்ட்ராலை ('கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படுவது) 8 முதல் 10 சதவீதம் வரை குறைக்கத் தேவைப்படுவது நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் ஸ்டெரால். எனவே இரண்டு பங்கு. எஸ்டரையே ஸ்டெரால் என்று எண்ணி 2 கிராம் எடுத்தால் கிடைப்பது 1.2 கிராம்தான். மறுபக்கம், 3 கிராமுக்கு மேல் போவதால் கூடுதல் பயன் அதிகமில்லை. பீட்டா கரோட்டின் உறிஞ்சப்படுவதும் குறையும்.

எப்போது சாப்பிடுவது என்பதும் சொல்லின் பொருளோடு ஒட்டியதுதான். தாவர ஸ்டெரால்கள் குடலில் பித்தநீர் உருவாக்கும் நுண்துகள்களில் கொலஸ்ட்ராலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளுகின்றன. உணவு உண்ணும்போதுதான் பித்தநீர் குடலுக்குள் அதிகம் வரும். வெறும் வயிற்றில் பெரிய பயனில்லை. இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும், நிறுத்தினால் பழைய நிலைக்கே திரும்பும். ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுப்பது. வேலை செய்யும் இடமே வேறு. ஆகவே 'ஸ்டாட்டினுக்கு மாற்று' என்று எழுதாதீர்கள்.

'இயற்கையானது, யாருக்கும் தீங்கில்லை' என்ற வரியையும் எழுத முடியாது. சிட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய மரபுக் குறைபாடு 1974இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. உள்ளே வந்த தாவர ஸ்டெராலைக் குடலுக்கே திருப்பி அனுப்பும் புரதம் இந்தக் குறைபாடு உள்ளவர்களிடம் பழுதாகியிருக்கும். அதனால் அந்த ஸ்டெரால் ரத்தத்தில் தேங்கி, இளவயதிலேயே ரத்தக்குழாய்களைப் பாதிக்கும். இவர்களுக்கு ஸ்டெரால் சேர்த்த உணவு கூடவே கூடாது.